ஐசியுவில் பிளேட்லெட் விழுகிறது: ஹெப்பாரின்தான் காரணமா என்று கண்டறிவது எப்படி?

காலை ரவுண்ட்ஸ். நேற்று 1.1 லட்சமாக இருந்த பிளேட்லெட் இன்று 80,000. கூட்டத்தில் யாராவது ஒருவர் மெதுவாக, "ஹிட்டா இருக்குமோ சார்?" என்பார். ஹெப்பாரினால் பிளேட்லெட் குறைவதைத்தான் ஹிட் என்கிறோம். அடுத்த பத்து நிமிடத்தில் ஆன்டிபாடி டெஸ்ட்டுக்கு ரத்தம் போய்விடும். இரண்டு நாள் கழித்து 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வரும். அதற்குள் நோயாளியின் கவுண்ட் தானாகவே ஏறியிருக்கும். இப்போது அந்த ரிப்போர்ட்டை நம்புவதா, விடுவதா?

டெஸ்ட்டை முதலில் அனுப்பியதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். முதலில் தேதி, அப்புறம் கிராஃப், அப்புறம் ஸ்கோர், கடைசியில்தான் டெஸ்ட். இந்த வரிசையில் போனால் பாதிப் பேருக்கு டெஸ்ட்டே தேவைப்படாது. தேவைப்படுபவருக்கு ரிப்போர்ட் வரும் முன்பே முடிவு எடுத்திருப்போம். ஐசியுவில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் யூனிட்டின் நெறிமுறையும் ரத்தவியல் நிபுணரும்தான் தீர்மானிக்க வேண்டும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

ஹிட் என்பது ஹெப்பாரினால் வரும் தட்டணு (பிளேட்லெட்) குறைவு. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தே ரத்தத்தை உறைய வைக்கிறது. 1958-இல் அமெரிக்காவில் வைஸ்மன், டோபின் என்ற இரு அறுவை மருத்துவர்கள், ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருந்த 10 நோயாளிகளுக்குத் தமனிகளில் ரத்தக்கட்டி அடைத்ததைப் பதிவு செய்தார்கள். அதில் பிளேட்லெட்டுக்கும் பங்கு உண்டு, நோய் எதிர்ப்பு மண்டலம்தான் பின்னால் இருக்கிறது என்று 1973-இல் டொனால்ட் சில்வரின் குழு காட்டியது. எதைப் பார்த்து ஆன்டிபாடி உருவாகிறது என்பது 1992-இல்தான் தெரிந்தது.

தட்டணுக்களின் உள்ளே பிஎஃப்4 என்ற புரதம் இருக்கிறது. அதற்கு நேர்மின்னூட்டம். ஹெப்பாரினுக்கோ கடுமையான எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு புது உருவம் எடுக்கின்றன. உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து ஐஜிஜி ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடியின் வால் தட்டணுவின் மேல் இருக்கும் எஃப்சி ஏற்பியைப் பிடித்து இழுக்கிறது. தட்டணு விழித்துக்கொண்டு இன்னும் பிஎஃப்4-ஐக் கொட்டுகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் பெருகுகிறது, கட்டி உருவாகிறது. கவுண்ட் குறைவது தட்டணுக்கள் இப்படிச் செலவாவதால்தான். அதனால்தான் ஹிட்டில் ரத்தக்கசிவு அபூர்வம், ரத்தக்கட்டி சாதாரணம். கட்டி இல்லாமல் வெறும் கவுண்ட் குறைவோடு தெரியவந்தவர்களிலும், ஹெப்பாரினை நிறுத்தியதோடு விட்டுவிட்டால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 30 நாட்களுக்குள் கட்டி வருகிறது. இந்த ஒரு எண்ணை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொன்று உண்டு. ஹெப்பாரின் ஆரம்பித்த முதல் சில நாட்களில் கவுண்ட் லேசாகக் குறைந்து, மருந்தை நிறுத்தாமலே தானாக ஏறிவிடும். இதில் ஆன்டிபாடிக்கு வேலை இல்லை. பழைய புத்தகங்கள் இதை முதல் வகை என்கின்றன. கவலைப்பட வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாம் வகையைப் பற்றியதுதான்.

ஐசியுவில் சிக்கல் என்னவென்றால், 100 பேரில் 30 முதல் 50 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் தட்டணு குறைகிறது. உண்மையான ஹிட்டோ 100-இல் ஒருவருக்கும் குறைவு. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் மட்டும் இது 1 முதல் 3 சதவீதம் வரை போகும். தவறவிட்டால் கால் போகலாம், உயிரும் போகலாம். இல்லாததை இருப்பதாக முடிவு செய்தால், ரத்தம் கசியும் நிலையில் இருப்பவருக்கு இன்னும் வலுவான மருந்தைத் தேவையில்லாமல் ஏற்றுவோம்.

படி 1: அந்த எண் உண்மையா?

ரிப்போர்ட்டில் 40,000 என்று பார்த்ததும் பதறாமல், லேபுக்கு போன் செய்து ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈடிடிஏ சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். மெஷின் அந்தக் கொத்தை எண்ணாது. சந்தேகம் இருந்தால் சிட்ரேட் குழாயில் மறுபடி எடுங்கள். திரவம் ஓடும் லைனுக்கு மேல் ஊசி குத்தி எடுத்த ரத்தமும் இப்படித்தான் ஏமாற்றும். அப்போது ஹீமோகுளோபினும் சேர்ந்தே விழுந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. சரி, எண் உண்மைதான் என்றால் மேலே போகலாம்.

படி 2: ஹெப்பாரின் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

மருந்துச் சீட்டில் ஹெப்பாரின் இல்லை என்பதால் நோயாளி ஹெப்பாரினைப் பார்க்கவில்லை என்று ஆகாது. ஆர்ட்டீரியல் லைனின் பிரஷர் பேக்கில் கலந்திருக்கலாம். சென்ட்ரல் லைன் ஃப்ளஷ், டயாலிசிஸ் குழலின் லாக், டயாலிசிஸ் சர்க்யூட், எக்மோ (உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம்), ஹெப்பாரின் பூசிய சில குழல்கள் என்று பட்டியல் நீளும். ரத்த உறைவுக் காரணிகள் அடங்கிய சில பிசிசி மருந்துகளிலும் கொஞ்சம் ஹெப்பாரின் உண்டு. எனாக்ஸபாரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரினும் கணக்கில் வரும். அதில் ஹிட் வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை.

அடிக்கடி மறந்துபோவது முந்தைய ஆஸ்பத்திரி. கை வழியாக ஆஞ்சியோகிராம் செய்யும்போது ஹெப்பாரின் கொடுப்பது வழக்கம். "பத்து நாளைக்கு முன்னாடி வேற ஆஸ்பத்திரியில கையில டியூப் போட்டுப் பார்த்தாங்க" என்று வீட்டார் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுகிறோம். அது ஒரு ஹெப்பாரின் தேதி. கடந்த 100 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை, ஆஞ்சியோ, டயாலிசிஸ், ஐசியு வாசம் ஏதாவது உண்டா என்று நேராகக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டுங்கள். என் அனுபவத்தில் இதற்குச் சரியான பதில் பெரும்பாலும் செவிலியரிடம்தான் இருக்கிறது. எந்த லைனில் எதை வைத்து ஃப்ளஷ் செய்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

படி 3: கிராஃப் வரையுங்கள்

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி இங்கேயே முடிகிறது. ஒரு தாளில் நாட்களைக் கீழே எழுதி, பிளேட்லெட்டை மேலே குறியுங்கள். ஹெப்பாரின் தொடங்கிய நாளை 0 என்று வையுங்கள். வேறு மருந்துகள், அறுவை சிகிச்சை, காய்ச்சல் வந்த நாள் எல்லாவற்றையும் அதே தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். கம்ப்யூட்டரில் பத்துப் பக்கம் புரட்டினாலும் தெரியாதது இந்த ஒரு தாளில் தெரியும்.

இதில் இளம் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று தவறுகள் உண்டு.

ஒன்று, எதிலிருந்து குறைந்தது என்பது. அட்மிஷன் அன்று இருந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். வீழ்ச்சிக்குச் சற்று முன்னால் இருந்த உச்சத்தைத்தான் எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலருக்குக் கவுண்ட் எகிறும். 4 லட்சம் வரை ஏறியவருக்கு இன்று 1.8 லட்சம் என்றால் லேப் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. 'நார்மல்' என்றே இருக்கும். ஆனால் அது 55 சதவீத வீழ்ச்சி. 1.5 லட்சம் என்ற கோட்டைத் தாண்டாமலே ஹிட் வரும்.

இரண்டு, எந்த நாள் என்பது. கவுண்ட் பாதியாகக் குறைந்த நாளையோ, யாரோ கவனித்த நாளையோ குறிக்கக் கூடாது. வீழ்ச்சி தொடங்கிய நாள்தான் வேண்டும். ஹிட்டில் அது பெரும்பாலும் 5-ஆம் நாளுக்கும் 10-ஆம் நாளுக்கும் இடையில் விழும், ஏனென்றால் ஆன்டிபாடி உருவாக அவ்வளவு நாளாகிறது. சமீபத்தில், குறிப்பாகக் கடந்த 30 நாட்களுக்குள், ஹெப்பாரின் பார்த்தவருக்கு ஆன்டிபாடி ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவருக்கு மறுபடி ஹெப்பாரின் போட்ட சில மணி நேரத்தில், 24 மணிக்குள், கவுண்ட் சரியும். ஆஞ்சியோ தேதியை விசாரிக்கச் சொன்னது இதற்காகத்தான். இன்னொரு வகையில் ஹெப்பாரினை நிறுத்திச் சில நாட்கள் கழித்து வீழ்ச்சி தொடங்கும். வீட்டுக்குப் போன நோயாளி கால் வீங்கித் திரும்பி வருவார், கவுண்ட் குறைந்திருக்கும். வந்தவருக்குக் கால் வீக்கத்தைப் பார்த்து மறுபடி ஹெப்பாரின் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வீழ்ச்சியைப் படிப்பது. பைபாஸ் இயந்திரத்தில் ஓடிய ரத்தத்தில் தட்டணு எப்படியும் 40, 50 சதவீதம் குறையும். முதல் மூன்று நான்கு நாள் அப்படியே கிடந்து அப்புறம் ஏறும். ஏறிய பிறகு 5-ஆம் நாளுக்கு மேல் இரண்டாவது முறையாக விழுந்தால் அது அபாய மணி. இரட்டைப் பள்ளம் என்று நினைவில் வையுங்கள். முதல் நாளில் விழுந்து எழாமலே கிடப்பவருக்குப் பெரும்பாலும் வேறு காரணம்: பலூன் பம்ப் (இதயத்துக்கு உதவ மகாதமனியில் வைக்கும் கருவி), இதயம் சரியாகத் துடிக்காமை, தொற்று.

எவ்வளவு தாழ்ந்தது என்பதும் ஒரு தடயம். ஹிட்டில் கவுண்ட் பெரும்பாலும் 50,000, 60,000 அளவில் நின்றுவிடும். 20,000-க்குக் கீழே போவது அபூர்வம். 8,000 என்று வந்து, தோலில் புள்ளி புள்ளியாக ரத்தம் தெரிந்தால் முதலில் வேறு எதையாவது தேடுங்கள்.

படி 4: நான்கு டி ஸ்கோர்

கிராஃப் கையில் இருந்தால் ஸ்கோர் போட இரண்டு நிமிடம் போதும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் வார்கென்டின் என்ற ரத்தவியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது இது. நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2.

• எவ்வளவு குறைந்தது? 50 சதவீதத்துக்கு மேல் குறைந்து, மிகத் தாழ்ந்த எண் 20,000-க்குக் குறையாமல் இருந்தால் 2. குறைவு 30 முதல் 50 சதவீதம், அல்லது மிகத் தாழ்ந்த எண் 10,000 முதல் 19,000 வரை என்றால் 1. குறைவு 30 சதவீதத்துக்கும் கீழே, அல்லது எண்ணே 10,000-க்குக் கீழே என்றால் 0.

• எப்போது குறைந்தது? 5 முதல் 10 நாளுக்குள் என்று தெளிவாகத் தெரிந்தால் 2. கடந்த 30 நாளில் ஹெப்பாரின் பார்த்தவருக்கு ஒரே நாளில் விழுந்தாலும் 2. காலம் பொருந்துகிறது, ஆனால் நடுவில் கவுண்ட் எடுக்காததால் தெளிவில்லை என்றாலோ, 10-ஆம் நாளுக்குப் பிறகு என்றாலோ, ஒரே நாளில் விழுந்தவர் 30 முதல் 100 நாளுக்கு முன்பு ஹெப்பாரின் பார்த்திருந்தாலோ 1. சமீபத்தில் ஹெப்பாரின் பார்க்காதவருக்கு முதல் நான்கு நாளிலேயே விழுந்தால் 0.

• ரத்தக்கட்டி உண்டா? புதிதாக உறுதியான கட்டி, ஊசி போட்ட இடத்தில் தோல் கறுத்து அழுகுவது, நரம்பில் ஹெப்பாரின் ஏற்றியதும் நடுக்கம், மூச்சுத் திணறல் என்று உடனடி எதிர்வினை: இதில் எது இருந்தாலும் 2. பழைய கட்டி பெரிதாவது, தோல் சிவந்து தடிப்பது, சந்தேகம் மட்டும் இருப்பது என்றால் 1. எதுவும் இல்லையென்றால் 0.

• வேறு காரணம் உண்டா? எதுவும் தெரியவில்லை என்றால் 2, இருக்கலாம் என்றால் 1, நிச்சயம் உண்டு என்றால் 0.

கூட்டினால் 0 முதல் 3 வரை குறைந்த வாய்ப்பு, 4, 5 நடுத்தரம், 6 முதல் 8 வரை அதிகம்.

இந்த ஸ்கோரின் உண்மையான பலம் 'இல்லை' என்று சொல்வதில் இருக்கிறது. 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 3-உம் அதற்குக் கீழும் வாங்கியவர்களில் 99.8 சதவீதம் பேருக்கு ஹிட் இல்லை. நடுத்தரம் வாங்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கும், அதிகம் வாங்கியவர்களில் 64 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் இருந்தது. அதாவது 7 வாங்கியவருக்கும் ஹிட் இல்லாமல் போகலாம். ஆனால் 2 வாங்கியவருக்கு டெஸ்ட் அனுப்புவதில் லாபம் எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பலம் கவனமாகப் போட்ட ஸ்கோருக்குத்தான். நடுவில் மூன்று நாள் கவுண்ட் இல்லை, முந்தைய ஆஸ்பத்திரி விவரம் இல்லை என்றால், சந்தேகத்தின் பலனை நோய்க்குக் கொடுங்கள். ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுங்கள். விவரம் கிடைத்ததும் மறுபடி போடுங்கள். ஸ்கோர் என்பது ஒரு நாள் எழுதிவிட்டு மூடி வைக்கும் தேர்வுத்தாள் இல்லை.

இரண்டு படுக்கைகள்

இரண்டு கற்பனை நோயாளிகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படுக்கையில் 61 வயதுக்காரர், பைபாஸ் அறுவை செய்தவர். அறுவைக்கு முன் 2.4 லட்சம். 2-ஆம் நாள் 1.1 லட்சம். 4-ஆம் நாள் 1.5, 6-ஆம் நாள் 2.2 என்று அழகாக ஏறியது. 7-ஆம் நாள் 1.7, 8-ஆம் நாள் 1.1, 9-ஆம் நாள் 80,000. சிறுநீரகம் சுணங்கியதால் டயாலிசிஸ். 8-ஆம் நாள் சர்க்யூட் இரண்டு தடவை உறைந்து அடைத்தது. லேசான காய்ச்சல், லைன் தொற்றாக இருக்கலாம். இடது கால் கொஞ்சம் தடித்திருக்கிறது.

உச்சம் 2.2 லட்சம், இப்போது 80,000. குறைவு 64 சதவீதம். 2. வீழ்ச்சி தொடங்கியது 7-ஆம் நாள். 2. கால் வீக்கம் சந்தேகம் மட்டும், 1. தொற்று இருக்கலாம், 1. மொத்தம் 6. டாப்ளரில் (ரத்தக்குழாய் ஸ்கேனில்) தொடைச் சிரையில் கட்டி தெரிந்தால் 7. அட்மிஷன் எண்ணையும் 2-ஆம் நாள் பள்ளத்தையும் வைத்துப் பார்த்திருந்தால், "ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாருக்கும் குறையும்" என்று விட்டிருப்போம்.

இரண்டாவது படுக்கையில் 34 வயதுப் பெண். ஒரு வாரக் காய்ச்சல், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் குறைவு. வரும்போதே 90,000. காலில் கட்டி வராமல் இருக்க ஹெப்பாரின் ஊசி ஆரம்பித்தார்கள். 2-ஆம் நாள் 35,000, 3-ஆம் நாள் 16,000. இதற்கு முன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர். குறைவு 50 சதவீதத்துக்கு மேல், ஆனால் 16,000 வரை தாழ்ந்துவிட்டதால் 1. மூன்று நாளுக்குள், முன்பு ஹெப்பாரின் இல்லை: 0. கட்டி இல்லை: 0. அக்குளில் கறுத்த பொருக்கு ஒன்று, உண்ணிக் காய்ச்சல். அப்போ நான்காவதும் 0. மொத்தம் 1. இவருக்கு டாக்ஸிசைக்ளின் வேண்டும், ஹிட் டெஸ்ட் வேண்டாம். இந்த எண்ணிக்கையில் ரத்தக்கசிவுக்குப் பயந்து ஹெப்பாரினை நிறுத்துவது வேறு விஷயம். அதற்கு ஹிட் என்று பெயர் வைக்கக் கூடாது.

படி 5: மற்ற சந்தேக நபர்கள்

நான்காவது கேள்வியில்தான் ஐசியுவில் ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும். அதனால் ஒரு ஒழுங்கோடு தேடுங்கள்.

செப்சிஸ்தான் (உடல் முழுக்கப் பாதிக்கும் கடுமையான தொற்று) முதல் குற்றவாளி. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பிடி, ஏபிடிடி நீண்டு, ஃபைப்ரினோஜன் குறைந்திருந்தால் டிஐசி, அதாவது உடல் முழுக்கக் கட்டுப்பாடின்றி ரத்தம் உறைந்து உறைவுக் காரணிகள் தீர்ந்துபோகும் நிலை. ஆனால் கவனம், கடுமையான ஹிட்டே 10 முதல் 20 சதவீதம் பேருக்கு டிஐசியைக் கொண்டுவரும். டிஐசி இருக்கிறது என்பதற்காக ஹிட் இல்லை என்று ஆகிவிடாது. நம் ஊரில் மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மலேரியா நான்கையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். இவற்றில் கவுண்ட் பெரும்பாலும் வரும்போதே குறைந்திருக்கும், அல்லது முதல் இரண்டு நாளில் விழும். ஹெப்பாரின் கிராஃபில் அந்த நேரம் பொருந்தாது.

மருந்துகளில் லினிசோலிட், வான்கோமைசின், பிப்பெராசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டென்ட் வைக்கும்போது கொடுக்கும் டைரோஃபிபான், எப்டிஃபிபடைட் சில மணி நேரத்திலேயே கவுண்ட்டை அதலபாதாளத்துக்குத் தள்ளும்; ஹெப்பாரினும் கூடவே ஓடியிருப்பதால் பழி இதன் மேல் விழும். பலூன் பம்ப், எக்மோ, டயாலிசிஸ் இயந்திரங்களும் தட்டணுவை நசுக்கும். ஸ்மியரில் உடைந்த சிவப்பணுக்கள் தெரிந்தால் டிடிபி (சிறு ரத்தக்குழாய்களில் தட்டணுக் கட்டிகள் அடைக்கும் நோய்) பக்கம் திரும்புங்கள், அதுவும் அவசரம்தான்.

படி 6: கட்டியைத் தேடிப் போங்கள்

மயக்கத்தில், வென்டிலேட்டரில் இருப்பவர் கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். நாம்தான் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். ஹிட் என்று வலுவாகச் சந்தேகித்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் இரண்டு காலுக்கும் டாப்ளர் செய்யுங்கள். கையிலோ கழுத்திலோ லைன் இருந்தால் அந்தப் பக்கத்துக்கும். ஹிட்டில் தமனியைவிடச் சிரையில்தான் கட்டி அதிகம் வருகிறது. விரல் நுனிகள் நீலமாவது, ஆக்சிஜன் திடீரென்று இறங்குவது, ஹெப்பாரின் ஓடியும் டயாலிசிஸ் சர்க்யூட் திரும்பத் திரும்ப அடைப்பது எல்லாமே தடயங்கள். "இந்த ஃபில்டர் பேட்ச் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டும் முன் பிளேட்லெட் கிராஃபை ஒரு தடவை பாருங்கள்.

பலரும் மறக்கும் ஒன்று அட்ரீனல். அட்ரீனல் சிரையில் கட்டி அடைத்து, சுரப்பிக்குள் ரத்தம் கசியும். இரண்டு பக்கமும் போனால் கார்டிசால் இல்லாமல் ரத்த அழுத்தம் சரியும். கவுண்ட் குறைந்த நோயாளிக்கு வயிற்று வலியும் விளக்க முடியாத அழுத்தக் குறைவும் சேர்ந்தால், 'செப்டிக் ஷாக்' என்று எழுதும் முன் கார்டிசாலும் சிடி ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள்.

படி 7: டெஸ்ட் வரும் முன்பே முடிவு

ஸ்கோர் 3 அல்லது கீழே: ஹிட்டுக்காக ஹெப்பாரினை நிறுத்த வேண்டாம், டெஸ்ட்டும் வேண்டாம். வேறு காரணத்தைத் தேடுங்கள். கவுண்ட்டைத் தொடர்ந்து பார்த்து, கதை மாறினால் மறுபடி ஸ்கோர் போடுங்கள்.

ஸ்கோர் 4 அல்லது மேலே: எல்லா ஹெப்பாரினையும் நிறுத்துங்கள். எல்லாம் என்றால் ஃப்ளஷ், பிரஷர் பேக், டயாலிசிஸ் லாக் வரை. எனாக்ஸபாரினுக்கு மாற்றுவது நிறுத்துவது ஆகாது; அதே ஆன்டிபாடி அதையும் பிடிக்கும். படுக்கைத் தலைமாட்டில் 'ஹெப்பாரின் கூடாது' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ரவுண்ட்ஸில் நிறுத்திய மருந்து இரவு ஷிஃப்டில் ஃப்ளஷ் சிரிஞ்சில் திரும்பி வருவது புதிதல்ல.

நிறுத்தினால் மட்டும் போதாது. பாதிப் பேருக்குக் கட்டி வரும் என்று முதலில் சொன்ன எண் இங்கேதான் வேலைக்கு வருகிறது. வேறு வகை உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். ஸ்கோர் 6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு அளவு. 4, 5 என்றால் ரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து முழு அளவோ தடுப்பு அளவோ. எந்த மருந்து என்பது உறுப்புகளைப் பொறுத்தது. ஆர்கட்ரோபன் கல்லீரல் வழியே வெளியேறும். கல்லீரல் கெட்டவருக்கும் பல உறுப்புகள் சுணங்கியவருக்கும் அளவை நன்றாகக் குறைக்க வேண்டும். ஃபான்டபரினக்ஸ் சிறுநீரகம் வழியே போவது. கிரியேட்டினின் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே என்றால் வேண்டாம். பைவாலிருடின் சீக்கிரம் கரைந்துவிடும், சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் அரை மணிக்குள் பாதியாகிவிடும். அவசரமாக அறுவைக்குப் போக வேண்டியிருக்கும் நோயாளிக்கு இது வசதி.

இரண்டு 'கூடாது' உண்டு. வார்ஃபரின் இப்போது கூடாது. அது புரோட்டீன் சி-யை முதலில் குறைக்கும். தீவிர ஹிட்டில் அதைக் கொடுத்தால் நாடி துடித்துக்கொண்டிருக்கும் காலே கறுத்து அழுகும். கவுண்ட் 1.5 லட்சம் ஏறும் வரை அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வைட்டமின் கே. அப்புறம், எண்ணைப் பார்த்துப் பயந்து பிளேட்லெட் ஏற்றாதீர்கள். ரத்தம் கசிந்தாலோ, கசிய வைக்கும் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தாலோ மட்டும்.

படி 8: இப்போது டெஸ்ட்

முதலில் அனுப்புவது பிஎஃப்4-ஹெப்பாரின் ஆன்டிபாடி எலைசா. இது எதையும் தவறவிடாத, ஆனால் எதையும் பிடிக்கிற வலை. நெகட்டிவ் என்றால் நடுத்தர ஸ்கோர்காரருக்கு ஹிட் இல்லை என்றே எடுத்துக்கொண்டு ஹெப்பாரினுக்குத் திரும்பலாம். பாசிட்டிவ் என்றால்தான் யோசிக்க வேண்டும். இதய அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த ஆன்டிபாடி வந்துவிடுகிறது. நோய் வருவது மிகச் சிலருக்கு. பனிப்பாறையின் நீருக்கு அடியில் இருக்கும் பகுதியையும் இந்த டெஸ்ட் காட்டும்.

ஆகவே ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஓடி எண்ணை (எலைசாவில் நிறம் எவ்வளவு அடர்த்தி என்ற அளவு; கூடினால் ஆன்டிபாடி அதிகம்) கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கிட்களில் 0.4-க்குக் கீழே நெகட்டிவ். 0.4-க்கும் 1-க்கும் இடையில் என்றால் தட்டணுவை உண்மையில் தூண்டும் ஆன்டிபாடி இருக்கும் வாய்ப்பு 5 சதவீதம் அளவுதான். 2-ஐத் தாண்டினால் ஏறத்தாழ 90 சதவீதம். ஐஜிஜி-யை மட்டும் பார்க்கும் கிட் கிடைத்தால் அதுதான் நல்லது. ஐஜிஎம், ஐஜிஏ சேர்ந்தால் வீண் பாசிட்டிவ் கூடும்.

நம் 61 வயதுக்காரருக்கு ஓடி 2.4 என்று வந்தால் கதை முடிந்தது. அவருக்கே 0.6 என்று வந்தால் லைன் தொற்றின் பக்கம் திரும்பி, மறுபடி கிராஃபை எடுக்க வேண்டும். இரண்டாவது படுக்கைக்கு யாரோ ஆர்வத்தில் டெஸ்ட் அனுப்பி 0.6 வந்திருந்தால்? அதைப் பார்த்து மருந்து மாற்றுவது, 16,000 கவுண்ட் உள்ள பெண்ணுக்கு ஆபத்தை நாமே வரவழைப்பது.

உறுதி செய்யும் டெஸ்ட்டுகள் செயல்பாட்டைப் பார்ப்பவை. அவற்றில் முன்மாதிரி செரட்டோனின் வெளியேற்றச் சோதனை. 1986-இல் அதே மெக்மாஸ்டரில் பிறந்தது. நல்ல ஆளின் தட்டணுவில் கதிரியக்கம் கொண்ட செரட்டோனினை ஏற்றி, நோயாளியின் சீரத்தோடு கலப்பார்கள். கொஞ்சம் ஹெப்பாரின் இருக்கும்போது செரட்டோனின் வெளியே கொட்டி, நிறைய ஹெப்பாரின் ஊற்றினால் அடங்கிவிட்டால் பாசிட்டிவ். மிகச் சில ஆய்வகங்களால்தான் இதைச் செய்ய முடியும். கிடைத்தால், ஸ்கோருக்கும் எலைசாவுக்கும் ஒத்துப்போகாத நோயாளிகளுக்குப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கோரும் ஓடியும் சேர்ந்தே பெரும்பாலானவர்களுக்கு விடை சொல்லிவிடும்.

ஒரு கிளைக்கதை: 2021-இல் அஸ்ட்ராசெனகா தடுப்பூசிக்குப் பின் அபூர்வமாகச் சிலருக்கு வந்த ரத்தக்கட்டியும் பிஎஃப்4 ஆன்டிபாடியால்தான், ஹெப்பாரினே தேவைப்படவில்லை. அப்போது எலைசா அதைப் பிடித்தது, சில விரைவுச் சோதனைகள் கோட்டைவிட்டன. ஹெப்பாரினே பார்க்காதவருக்கு ஹிட் போன்ற படம் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 9: பின்தொடர்வது

ஹெப்பாரினை நிறுத்தி மாற்று மருந்து கொடுத்ததும், ஹிட் என்றால் இரண்டு மூன்று நாளில் கவுண்ட் திரும்ப ஏறத் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தை ஒட்டி 1.5 லட்சத்தைத் தாண்டும். இதுவும் ஒரு சாட்சிதான், ஆனால் பலவீனமான சாட்சி. அதே சமயம் ஆன்டிபயாடிக்கையும் மாற்றியிருப்போம், தொற்றும் அடங்கியிருக்கும்.

அடுத்த நோயாளிக்கு இந்தத் தேடலே எளிதாக வேண்டும் என்றால் கவுண்ட்டை முறையாக எடுக்க வேண்டும். அறுவைக்குப் பின் சாதாரண ஹெப்பாரின் போடுபவர்களுக்கு 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஹெப்பாரின் ஆரம்பிக்கும் முன் ஒரு கவுண்ட் கட்டாயம். கடந்த 30 நாளில் ஹெப்பாரின் பார்த்தவர் என்றால் முதல் நாளிலிருந்தே.

ஹிட் உறுதியானால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அலர்ஜி கட்டத்தில் எழுதுங்கள்: தேதி, மிகக் குறைந்த கவுண்ட், ஸ்கோர், ஓடி எண், கட்டி இருந்ததா இல்லையா. 'ஹெப்பாரின் அலர்ஜி' என்று இரண்டு சொல்லோடு விட்டால் பத்து வருடம் கழித்து அவருக்கு இதய வால்வு மாற்ற வேண்டியவர் தவித்துப்போவார். இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் 100 நாளுக்குள் மறைந்துவிடும். மறைந்த பிறகு அறுவை நேரத்தில் மட்டும் ஹெப்பாரின் கொடுக்க முடியும். அதற்கு அந்த மருத்துவருக்கு உங்கள் எண்கள் வேண்டும். ஹிட் இல்லை என்று முடிவானால் அதையும் எழுதி, தலைமாட்டில் ஒட்டிய தாளைக் கிழித்துவிடுங்கள்.